சரஸ்வதி பிடித்துவைத்த ஹவாயன் கித்தார்

சத்தத்தை நிறுத்தச் சொல்லத்தான் கீழே போனேன். இசைக்கு ஏங்கிப் போனவன் என்று யாரும் என்னைத் தவறாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். நோர்வேயில், புருசெத் என்ற இடத்தில் ஓர் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் குடியிருந்தோம். எங்கள் கூடத்துக்கு நேர் கீழே, நிலக்கீழ்த் தளத்தில், குடியிருப்பாளர் சங்கத்தின் பொது அறை. பிறந்தநாள், கூட்டம், தையல் வகுப்பு என்று யார் வேண்டுமானாலும் அதை எடுக்கலாம். அந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் அங்கிருந்து ஒரு சத்தம் வந்தது. கனமான அலுமாரி ஒன்றை யாரோ அழுதுகொண்டே இழுப்பது போன்ற சத்தம். நான் மருத்துவமனையில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பிரிவில் வேலை செய்பவன். நாள் முழுவதும் உருக்கோடு உருக்கு உரசுவதைக் கேட்டுவிட்டு வந்து மடியில் ஒரு புத்தகத்தை விரித்தால், கீழே அலுமாரி புறப்பட்டுவிடும்.

“இஞ்சாருங்கோ, ஒருக்காப் போய்ச் சொல்லுங்கோவன்,” என்றாள் மனைவி. “நீங்கள் வீட்டுக்குள்ளைதான் சிங்கம்.”

சிங்கம் சாரத்துக்கு மேல் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கியது. நோர்வேஜிய மொழியில் கோபப்படுவது எனக்கு எப்போதும் பெரும்பாடு. வசனத்தை ஒழுங்காக முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும். அன்று ஆறவிடாமல் பொத்திக் கொண்டுபோய்க் கதவைத் தள்ளினேன்.

உள்ளே மூன்று பேர். வெளியே முழங்கால்வரை பனி கிடக்கிறது. இவர்கள் சிவப்புப் பூப்போட்ட அரைக்கைச் சட்டையோடு இருக்கிறார்கள். ஓய்வூதிய வயதுக்காரர் ஒருவர் உகுலேலே என்கிற நாலு நரம்புச் சின்னக் கித்தாரை நெஞ்சோடு அணைத்திருந்தார். மெலிந்த இன்னொருவர் தன்னைவிடப் பெரிய டபுள் பேஸ் ஒன்றின் பின்னால் பாதி மறைந்து நின்றார். நடுவில் என் வயதுப் பெண் ஒருத்தி கதிரையில் இருந்தாள். அவளது மடியில் ஒரு கித்தார் மல்லாந்து கிடந்தது. இடக்கையில் விரல் நீள உருக்குத் துண்டு. அதை நரம்புகளின் மேல் வைத்து நகர்த்தினாள். அலுமாரி அதுதான்.

வாய் திறந்தேன். வசனம் தயாராக இருந்தது. ஆனால் அவள் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். தாவாமல், வழியில் இருந்த எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு, வழுக்கிக்கொண்டு. சேரவேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்று, யோசித்து, பிறகு சேர்ந்தாள். கமகம் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லித்தர முயன்றதும் இதைத்தான். என்னை வயலின் வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள்; வயலினின் நன்மை கருதி வாத்தியார் நிறுத்திவிட்டார்.

அதைவிட, இந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். ஊரில் வானொலியில் செய்திக்கு முன் கொஞ்ச நேரம் மிஞ்சினால் சினிமாப் பாட்டொன்றை ஹவாயன் கித்தாரில் வாசிக்க விடுவார்கள். பாதியில் செய்தி வந்து அதை வெட்டிவிடும். அந்த வாத்தியத்தை நான் ஒருநாளும் முடிவுவரை கேட்டதில்லை. புருசெத்தில்தான், நிலக்கீழ் அறையின் நாற்றத்தில், சாரத்தோடு நின்று முதன்முதலாக முடிவுவரை கேட்டேன்.

“சத்தம் அதிகமா?” என்று உகுலேலேக்காரர் கேட்டார்.

“இல்லை,” என்றேன். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. “கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வந்தேன்.”

மேலே மனைவி காத்திருந்தாள். “சொன்னனீங்களே?”

“ஓம்.”

“என்ன சொன்னவை?”

“வாற செவ்வாயும் வரட்டாம்.”

கித்தார் வாசித்த அந்தப் பெண் பல் வைத்தியரிடம் உதவியாளராக இருந்தாள். வலிக்கப்போகிறவர்களோடு பேசிப் பழகிய குரல். பள்ளிக்கூட வாத்தியக் குழுவுக்காக நடக்கும் பழம்பொருட் சந்தையில் எனக்கென ஒரு மடிக்கித்தாரை அவளே தேடித் தந்தாள். நரம்புகளை எப்படித் தளர்த்திச் சுருதி கூட்டுவது என்று காட்டினாள். உருக்கைப் பிடிப்பதில் எனக்கு உத்தியோகப் பழக்கம் இருந்தது. மற்ற எதிலும் இருக்கவில்லை.

பேருந்தில் அந்தக் கித்தாரைக் கொண்டுவந்த அன்றே எங்கள் ஆட்கள் மூன்று பேர் மறித்துக் கேட்டார்கள்: “மகளுக்கோ?” இல்லை, எனக்கு என்றேன். சிரித்தார்கள். பிறகு மறுபடியும், “எந்த வகுப்புக்கு விடுறியள்?” என்றார்கள். எங்கள் சனத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பழகுவது பிள்ளைகளின் வேலை. பெற்றோரின் வேலை காரோட்டுவது. வெள்ளி மிருதங்கம், சனி தமிழ்ப் பள்ளிக்கூடம், ஞாயிறு பரதம். வாசலில் வெப்பமூட்டியைப் போட்டுக்கொண்டு காருக்குள் குந்தியிருக்கும் தகப்பன்மாரை ஒன்று சேர்த்தால் எல்லிங்ஸ்ருட்டிலிருந்து நகரம்வரை வரிசை போகும். அவர்களில் ஒருவன் காரைவிட்டு இறங்கி, தானே ஏதாவது வாசிக்கப் போகிறேன் என்றால், அவனுக்கு வீட்டில் பிரச்சினை என்று முடிவு கட்டிவிடுவார்கள். கதை பரவியபின் ஒரு நண்பர் என்னிடம் இரகசியமாக, “எல்லாம் ஓகேதானே?” என்று தோளைத் தொட்டார். தொட்ட கையைக் கடித்திருக்கலாம். நாகரிகம் தடுத்துவிட்டது.

மனைவி மறைத்துப் பேசுகிறவள் அல்லள். நான் கூடத்தில் இருந்து பழகும்போது குசினிக்குள்ளிருந்து, “இப்ப அலுமாரி எந்த மூலைக்குப் போகுது?” என்பாள். “உதுக்கு ஒரு வீணையை எடுத்திருக்கலாம். லட்சுமிகரமா இருந்திருக்கும்.”

“வீணை சரஸ்வதி.”

“எனக்கு ஆரெண்டு தெரியும். நீங்கள் வாசியுங்கோ. அதையெண்டாலும் ஒழுங்காச் செய்யுங்கோ.”

கீழேயும் நிம்மதி இல்லை. உகுலேலேக்காரர் இளமையில் கப்பற் சமையற்காரராக இருந்தவர். கப்பல் ஹொனலுலுவில் சில நாள் தங்கியதாம். அத்தனை நாளில் மனிதர் ஹவாய்க்காரராகிவிட்டார். எங்களுக்கு அவர்தான் தலைவர், தீர்ப்பாளர், சட்டை வழங்குபவர். எங்கள் நாட்டுப் போரை நிறுத்த நோர்வே நடுநின்ற சமாதானப் பேச்சுக் காலம் அது; நோர்வேக்காரர் ஒரு தமிழனைக் கண்டால் வணக்கத்துக்குப் பதிலாகச் சமாதானத்தைப் பற்றிக் கேட்பார்கள். இவர் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே கேட்பார். “அப்ப, உங்கள் நாட்டில் எப்போது முடியும்?” நான் உருக்குத் துண்டைத் துடைத்துக்கொண்டே, “அடுத்த பாட்டுக்குப் பிறகு,” என்பேன். அவருக்குப் பகிடி விளங்காது. எனக்கும் அது பகிடியாக இருக்கவில்லை.

அவருக்குப் பிடித்தவை உல்லாசப் பயணிகளுக்காக ஆக்கிய ஆங்கிலப் பாட்டுகள். நிலா, கடற்கரை, இடையசைக்கும் பெண். எங்கள் கித்தார்ப் பெண்ணுக்குப் பழைய பாட்டுகள்தான் வேண்டும்; ஹவாய்த் தீவுக்காரரின் சொந்த மொழியில் உள்ளவை. அங்கே ஒவ்வொரு பள்ளத்தாக்கின் மழைக்கும் தனித்தனிப் பெயர் உண்டாம். பாட்டில் இன்ன மழை என்று சொன்னால் இன்ன ஊர் என்று கேட்கிறவருக்குத் தெரிந்துவிடுமாம். எங்களிடம் காற்றுக்குப் பெயர் உண்டு என்றேன். சோளகம், வாடை, கச்சான், கொண்டல். அவள் நாலையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, அந்த மக்களின் அரசைப் பறித்ததையும், பள்ளிக்கூடங்களில் அவர்களுடைய மொழியை இல்லாமற் செய்ததையும் சொன்னாள். அதை எனக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பூச்சட்டையைப் போட எனக்குக் கை வரவில்லை. மருத்துவமனைச் சட்டையோடேயே வாசித்தேன். உகுலேலேக்காரருக்கு முகம் சுண்டிப்போனது.

எங்கள் நாலு பேரையும் அந்தத் தீவுக்காரர் எவராவது ஒருநாள் வந்து பார்த்தால், முதலில் யார்மேல் வழக்குப் போடுவார் என்று நான் யோசிப்பதுண்டு. நேர்மையாகச் சொன்னால் என்மேல்தான். மற்றவர்கள் குறைந்தது சுருதியோடு வாசித்தார்கள்.

அடுத்த கோடையில் கித்தார்ப் பெண்ணுக்குத் திராமன் என்ற ஊரில் வேலை கிடைத்தது. வீடும் மாறினாள். போகுமுன் தன் உருக்குத் துண்டை என் கையில் வைத்து, “கதிரை உனக்கு,” என்றாள். இங்கே எல்லோருக்கும் எல்லோரும் ‘நீ’தான், ஆனாலும் அந்த ‘நீ’ எனக்குப் பட்டம் தந்தது போல இருந்தது. இலையுதிர் காலத்தில், ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், சங்கத்தின் விருந்தில் நாங்கள் வாசிப்பதாக முன்னமே பேச்சு. மேளங்கள் நிறைந்த என் சனத்தின் மேடைகளில் பிள்ளைகளைப் படம் பிடிப்பதற்கு மட்டும் முன்வரிசைக்குப் போன நான், நாற்பத்தேழு வயதில், முதன்முறையாக நானே வாசிக்கப்போகிறேன்.

உகுலேலேக்காரர் வேறு திட்டம் வைத்திருந்தார்.

“நான் யோசித்தேன்,” என்றார். “நீ முன்னால் நில். மாலை போட்டுக்கொள். கையில் சும்மா ஒரு உகுலேலே. என் மருமகன் கீபோர்டில் அந்தக் கித்தார்ச் சத்தத்தைக் கொண்டுவருவான்.”

“நான் ஏன் முன்னால்?”

அவர் என்னைக் கருணையோடு பார்த்தார். “பார்க்கிறவர்களுக்கு உண்மைபோல இருக்கும்.”

விளங்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது. என் தோல் ஹவாய். என் கை வேண்டியதில்லை. ஓராண்டாக விரல் நுனி தடித்துப்போகப் பழகியது பிளாஸ்டிக் மாலை மாட்டி நிற்பதற்கு. அன்று மட்டும் என் நோர்வேஜியம் ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. கதிரையில் இருந்து கித்தார் வாசிப்பேன், இல்லாவிட்டால் வீட்டில் இருப்பேன் என்றேன். இன்னும் சிலவும் சொன்னேன்; அவை அச்சேறா. டபுள் பேஸ்காரர் வாத்தியத்தின் பின்னாலிருந்து முழுதாக வெளியே வந்து என்னைப் பார்த்தார். கடைசியில் உகுலேலேக்காரர் கைகளை விரித்தார். “சரி. ஆனால் நீ உன் கித்தாரோடு நேரத்துக்கு வராவிட்டால், மருமகன் இருப்பான். நீ மாலையோடு நிற்பாய்.”

“வருவேன்,” என்றேன்.

அந்தச் சனிக்கிழமை காலை வேலை. பின்னேரம் வீடு திரும்பி, உடுப்பு மாற்றி, சோபாவுக்குப் பின்னால் கையை விட்டேன். கித்தார் இல்லை.

“எங்கை என்ரை கித்தார்?”

“சாமிக்கு முன்னாலை,” என்றாள் மனைவி.

சாமியறை என்பது எங்கள் வீட்டில் அலுமாரி ஒன்றின் மேற்தட்டு; நவராத்திரிக்கு மட்டும் கீழே ஒரு மேசையும் சேரும். மேசையில் கும்பம், சரஸ்வதி படம், அவல், கடலை. படத்தின் முன் மகளின் பாடப் புத்தகங்கள், அவளது சலங்கை. எல்லாவற்றுக்கும் மேலே, மல்லாக்காக, என் கித்தார். சந்தனமும் குங்குமமும் மரத்தில் மட்டுமல்ல, நரம்பிலும் வைத்திருந்தாள். அன்று எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசை. பூசையில் வைத்த புத்தகத்தையும் வாத்தியத்தையும் மறுநாள், விஜயதசமியன்று காலைதான் எடுக்கலாம். அதுவரை தொடக் கூடாது. இது எனக்குத் தெரியாத சட்டம் அல்ல. பள்ளிக்கூட நாட்களில் நான் மிகவும் மதித்த ஒரே சட்டம் அதுதான்.

“இண்டைக்கு எனக்கு வாசிப்பெண்டு உமக்குத் தெரியாதே?”

“தெரியும். நல்லா வரட்டும் எண்டுதானே வைச்சனான்.”

“வைச்சா எதை வாசிக்கிறது? கடலையையோ?”

அவள் முகத்தைப் பார்த்ததும், அந்தக் கேள்வி அவளுக்கு அதுவரை தோன்றவில்லை என்று தெரிந்தது. அதனால் இன்னும் பிடிவாதமானாள். “வைச்சது வைச்சதுதான். விடியத்தான் எடுக்கலாம்.”

“ஒரு வருசமா அலுமாரி இழுக்கிறன் எண்டு சொன்னனீர். இண்டைக்கெண்டு பாத்தே அது வாத்தியமாப் போச்சு?”

“அப்பா, ஸ்லாப் ஆவ்,” என்றாள் மகள் சோபாவிலிருந்து. ஆறுதலாக இரு என்று இந்த ஊர்ப் பிள்ளைகள் பெற்றோரைக் கொல்லும் சொல். “என்ரை கணக்குப் புத்தகமும் உங்கைதான் கிடக்கு. திங்கள் சோதினை. நான் ஏதும் கத்தினனானே?”

கணக்குப் புத்தகத்தைச் சரஸ்வதி பிடித்துவைத்ததில் அவளுக்கு இருந்த சந்தோசத்தைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே மருமகன் கீபோர்டுக்கு மின்கம்பி மாட்டிக்கொண்டிருப்பான். மாலை காத்திருக்கும். பதினெட்டு ஆண்டுகளாக இந்த நாட்டில் எங்கிருந்து வந்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்தவன், கண்ணாலும் காணாத ஓர் ஊரிலிருந்து வந்தவனாக இன்று நிற்கவேண்டும். அதுவும் என் வீட்டுச் சாமியின் தயவால்.

அப்போதுதான் சுவரில் தொங்கிய கோயிற் கலண்டர் கண்ணில் பட்டது.

“இஞ்சாரும். கலண்டரிலை சரஸ்வதி பூசை எப்ப?”

அவள் கும்பத்தை நேராக்கினாள்.

“எப்ப எண்டு கேட்டனான்.”

“புதன்.”

“அப்ப ஏன் இண்டைக்கு?”

“புதன் எனக்கும் வேலை, உங்களுக்கும் வேலை. இஞ்சை எல்லாரும் சனிதானே செய்யினம்.”

“சரி. புதன் பூசையெண்டா வியாழன் விஜயதசமி. அது எப்பவோ முடிஞ்சுது. எங்கடை வசதிக்கு அவ சனிமட்டும் பொறுத்திருக்கிறா. எடுக்கிறதுக்கு மட்டும் விடியுமட்டும் பொறுக்கோணும் எண்டு ஆர் சொன்னது?”

பொங்கலையும் தீபாவளியையும் மண்டபம் கிடைக்கும் சனிக்கிழமைக்கு இழுத்துவைத்துக் கொண்டாடும் சனம் நாங்கள். மனைவிக்கும் அது தெரியும். படத்தைப் பார்த்தாள், கலண்டரைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

“சரி,” என்றாள். “அப்ப இப்ப விஜயதசமி. ஆனா முறையா எடுக்கோணும். இருங்கோ.”

“எங்கை?”

“நிலத்திலை. எடுத்தவுடனை சாமிக்கு முன்னாலை வாசிச்சுக் காட்டிப்போட்டுத்தான் வெளியிலை கொண்டுபோகலாம்.”

“அங்கை தொடங்கப் போகினம்—”

“பிள்ளையள் ஏடு தொடக்கேக்கை, எனக்கு நேரமில்லை எண்டே சொல்லுறவை?”

மூன்று வயதுப் பிள்ளைகள் அரிசியில் ‘அ’ எழுதக் குந்தும் மாதிரிக் குந்தினேன். முழங்காலில் நெட்டி முறிந்தது. அவள் கற்பூரம் காட்டி, கித்தாரைத் தூக்கி என் மடியில் வைத்தாள். மகள் பாய்ந்து தன் கணக்குப் புத்தகத்தைத் தள்ளி, படத்துக்குப் பின்னால் ஒளித்தாள். நான் வாசித்தேன். ஆத்திரம் நரம்பில் கேட்டது. பழைய பாட்டு அது, ஏதோ ஒரு பள்ளத்தாக்கின் மழை. முடிந்ததும் மனைவி என் நெற்றியிலும் ஒரு பொட்டை வைத்து, “ஓடுங்கோ,” என்றாள்.

சந்தனப் பொட்டோடும் சந்தனம் பூசிய கித்தாரோடும் கீழே பொது அறைக் கதவைத் திறந்தபோது, என் கதிரையில் கீபோர்டு இருந்தது. உகுலேலேக்காரர் மாலையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். என் கித்தாரைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. “அற்புதம்! இது ஹவாய் வழக்கமா?”

“புருசெத் வழக்கம்,” என்றேன்.

மாலையை வாங்கி அவருடைய கழுத்திலேயே போட்டேன். கீபோர்டைத் தூக்கப் போனேன். அதற்குள் டபுள் பேஸ்காரர் வந்து அதைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, தன் வாத்தியத்தின் பின்னால் மறைந்தார். மருமகன் வாபிள் தின்னப் போனான். நான் கதிரையில் இருந்தேன்.

எப்படி வாசித்தேன் என்பதை நான் சொல்லக் கூடாது. முதற்பாட்டில், உருக்குத் துண்டு சந்தனத்தில் ஏறிய இடத்திலெல்லாம் மண்ணைக் கொறிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கிழவிகள் தலையாட்டினார்கள். யாரோ கோப்பையைக் கீழே போட்டார்கள். மூன்றாம் பாட்டில் ஏறவேண்டிய இடத்துக்கு ஏறாமல் கீழேயே நின்றுவிட்டேன். கை தட்டினார்கள். இந்த நாட்டில் எதற்கும் தட்டுவார்கள். ஆனாலும் என் காது சிவந்தது.

மனைவியும் மகளும் கடைசி வரிசையில் நின்றதை எழும்பும்போதுதான் கண்டேன். படியேறி வந்தோம். வீட்டுக் கதவைத் திறந்துகொண்டே மனைவி சொன்னாள்:

“மூண்டாவது பாட்டிலை பிழை விட்டனீங்கள்.”

“அது நீர் பூசின சந்தனம்!”

“சந்தனம் முதற்பாட்டிலையே உதிர்ந்து போச்சு. உது உங்கடை கை.” சப்பாத்தைக் கழற்றினாள். “அந்தப் பொம்பிளை அதிலை மேலை போய்க் கொஞ்சம் நிண்டுதான் இறங்குவா. நீங்கள் ஒருநாளும் போறேல்லை.”

ஏறத்தாழ ஓராண்டாகத் தரைக்கு மேலே இருந்து ஒவ்வொரு செவ்வாயும் கேட்டிருக்கிறாள். கேட்டு, மனப்பாடம் செய்து, அலுமாரி என்று சொல்லியிருக்கிறாள். இதற்கு என்ன பெயர்? எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது.

“உமக்குத் தெரியுமெண்டால் பாடிக்காட்டும் பாப்பம்!”

அவள் குசினிக்குள் போய், அடுப்பில் தேநீருக்குத் தண்ணீரை வைத்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே அந்த இடத்தை முனகினாள். மேலே போனாள். நின்றாள். இறங்கினாள். சரியாக இருந்தது.

நான் கூடத்தில், நின்ற இடத்திலேயே கித்தாரை மடியில் போட்டுக்கொண்டு குந்தினேன்.

“இன்னொருக்காப் பாடும்,” என்றேன்.